கண்ணாடியில் தீட்டி, படம்பிடித்து, அழித்து…

கையால் வண்ணம் தீட்டி அனிமேஷன் குறும்படம் எடுப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்குக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எங்கள் அம்மாச்சி இறப்பதற்கு முன் ஆறு மாதங்கள் வீட்டின் முன்னறையில் கட்டிலோடு கிடந்தார். அந்த நாள்களை ஐந்து நிமிட அனிமேஷன் படமாக, ஒவ்வொரு காட்சியையும் ஆயில் பெயின்டில் தீட்டி எடுக்க ஆசைப்படுகிறேன். அவர் தாலாட்டுப் பாடிய 40 விநாடி கேசட் பதிவு ஒன்றும் இருக்கிறது. தனி ஆளாக முடியுமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: முடியும். ஆனால் தூரிகையை எடுப்பதற்கு முன் கணக்குப் போட்டுவிடுங்கள். திரையில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள், அதாவது தனித்தனி நிலைப்படங்கள், ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு பிரேம்களுக்கு வைத்துக்கொண்டால் விநாடிக்கு 12 ஓவியங்கள் போதும். அப்படியும் ஐந்து நிமிடத்துக்கு 3,600 ஓவியங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் அரை மணி நேரத்தில் தீட்டினால்கூட 1,800 மணி நேரம் ஆகிறது. பள்ளி விட்டு வந்து மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், ஒரு நாள்கூட விடாமல் உழைத்தாலும் இரண்டரை ஆண்டு ஓடிவிடும். பலர் பாதியில் விட்டுவிடுவது திறமை போதாமல் அல்ல, இந்தக் கணக்கைப் பிந்திப் போட்டதால்தான்.

ஆகவே தாளை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு வாருங்கள். ஒரே கண்ணாடித் தகட்டின்மேல் காயாத வண்ணத்தில் ஓவியத்தைத் தீட்டி, மேலே நிலையாகப் பொருத்திய கேமராவால் ஒரு படம் எடுப்பீர்கள். பிறகு கை அசைய வேண்டிய இடத்தை மட்டும் விரலாலோ பஞ்சுக்குச்சியாலோ துடைத்து, சற்றுத் தள்ளித் தீட்டி, அடுத்த படத்தை எடுப்பீர்கள். முழு ஓவியத்தையும் திரும்ப வரைய வேண்டியதில்லை என்பதால் பல பிரேம்கள் ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு ஒரு விலை உண்டு: முந்தைய ஓவியம் அழிந்தே போகும், பின்னால் போய்த் திருத்த முடியாது, படம் முடியும்போது சட்டம் போட்டு மாட்ட உங்களிடம் கடைசிக் காட்சி ஒன்றுதான் இருக்கும். துடைத்த இடத்தில் மெல்லிய கறை தங்கும். அதைக் குறையாக எண்ணி ஒவ்வொரு முறையும் பளிச்சென்று துடைத்துவிடாதீர்கள். அசைந்த கைக்குப் பின்னால் அது போன தடம் தெரிவது இந்த முறைக்கே உரிய அழகு, உங்கள் கதைக்கு அது இன்னும் பொருந்தும்.

கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் கரோலின் லீஃப் 1976-இல் எடுத்த பத்து நிமிடப் படமான ‘தெரு’வை (The Street) நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். மான்ட்ரியால் நகரத்து வீடொன்றில் பாட்டி படுக்கையில் கிடக்கிறார். அவர் இறந்தால் அந்த அறை தனக்குக் கிடைக்கும் என்று பேரன் காத்திருக்கிறான். அதில் ஒரு காட்சி இன்னொன்றாக உருகி மாறுவதை மட்டும் தனியாகக் கவனியுங்கள். உங்கள் படத்திலும் கட்டிலிலிருந்து வாசலுக்குப் போக வேண்டுமென்றால் காட்சியை வெட்டாமல், போர்வையின் மடிப்புகளையே கொஞ்சம் கொஞ்சமாக வாசற்படிகளாக மாற்றிக்கொண்டே போகலாம். மூன்று விநாடி, 36 ஓவியங்கள், அவ்வளவுதான்.

ரஷ்யக் கலைஞர் அலெக்சாண்டர் பெட்ரோவ் ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ கதையை இதே முறையில், பெரும்பாலும் விரல் நுனிகளால், 29,000-க்கும் மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டினார். 20 நிமிடப் படத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 2000-இல் ஆஸ்கர் கிடைத்தது. அவருக்கு மகன் துணையாக இருந்தார். தனி ஆளான நீங்கள் ஐந்து நிமிடம் என்பதை மறந்துவிட்டு, கையிலிருக்கும் தாலாட்டிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் உறுதியான யோசனை. கேசட்டை முதலில் கணினியில் ஏற்றிக்கொண்டு, எந்த விநாடியில் எந்தச் சொல், எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே இருமுகிறார் என்று வரிசையாக ஒரு நோட்டில் எழுதுங்கள். 40 விநாடிக்கு 480 ஓவியங்கள். முன்னும் பின்னும் சிறிது மௌனம் சேர்த்தால் ஒரு நிமிடப் படம் முழுமையாகவே நிற்கும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் எதையும் அசைக்காமல் ஒரே ஓவியத்தை ஒரு விநாடி நிறுத்திப் பாருங்கள். அந்த முன்னறை பார்ப்பவர் கண்முன் வந்துவிடும்.

கேள்வி: கண்ணாடி ஓவிய அனிமேஷனுக்கு என்னென்ன வாங்க வேண்டும்? ஆயில் பெயின்ட்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஓரம் மழுக்கிய 5 மி.மீ. கண்ணாடி, அதைத் தூக்கி நிறுத்த நான்கு மரக்கட்டைகள், அடியில் வெளிச்சத்தைப் பரப்பப் பால்வெள்ளை அக்ரிலிக் தகடு, ஒரு எல்இடி விளக்கு, கைப்பேசியை நேர்மேலே பிடிக்கும் உறுதியான ஸ்டாண்டு, ஒவ்வொன்றாக எடுத்த படங்களைக் கோத்து ஓட்டிக்காட்டும் ஸ்டாப் மோஷன் செயலி ஆகியவை போதும். ஆயில் பெயின்ட் கட்டாயமில்லை. போஸ்டர் கலரில் மருந்துக்கடைக் கிளிசரினைச் சில துளிகள் கலந்தால் அது வெகுநேரம் காயாமல் வேலைக்கு இணங்கும். துடைக்க ஈரத்துணி போதும், நாற்றமும் இல்லை. ஆயில் பெயின்டைத் தேர்ந்தெடுத்தால், பெயின்டைக் கரைக்கும் டர்பன்டைனை மூடிய அறையில் மணிக்கணக்கில் சுவாசிக்காமல், சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். விளக்கு அடியிலிருந்து வந்தால் மெல்லிய பூச்சு ஒளிரும், கெட்டிப் பூச்சு கறுத்துவிடும். மேலிருந்து வந்தால் தூரிகையின் தடம் தெரியும். இரண்டையும் பத்து பிரேம்கள் எடுத்துப் பார்த்த பிறகே முடிவுசெய்யுங்கள்.

நம் ஊர் வெயிலும் மின்விசிறியும் இந்த வேலைக்குப் பகை. நான் ஒருமுறை பாதி எடுத்த காட்சியை அப்படியே விட்டுவிட்டு மூன்று நாள் ஊருக்குப் போய்வந்தேன். திரும்பி வந்து தொட்டபோது வண்ணத்தின்மேல் பாலாடை போல ஏடு படிந்திருந்தது; கன்னத்தைத் துடைக்கப் போனதில் முகமே ஏடாக உரிந்து வந்துவிட்டது. அந்தக் காட்சி முழுவதையும் முதலிலிருந்து தீட்ட வேண்டியதாயிற்று. தொடங்கிய காட்சியை முடிந்தவரை ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள்; நான்கு விநாடிக்குமேல் நீளும் காட்சியைத் திட்டமிடாதீர்கள்.

கேள்வி: எடுத்த படத்தை ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் துடித்துக்கொண்டே இருக்கிறது. என்ன தவறு?
– ஒரு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கைப்பேசி ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானாகவே அளந்து மாற்றுகிறது. எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வொயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் (தெளிவு) மூன்றும் மாறாதபடி செயலியில் பூட்டுங்கள். ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடையுங்கள். வெள்ளைச் சட்டையோடு குனிந்தால் கண்ணாடியில் அது பிரதிபலிக்கும் என்பதால் கருநிற உடை அணிந்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு விலகி நின்று படமெடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் துடித்தால் வோல்டேஜ் ஏறியிறங்குவது காரணமாக இருக்கலாம். பவர் பேங்க்கில் எரியும் எல்இடிக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: முதலில் நடிகர்களை வீடியோ எடுத்து, அதன்மேல் பிரேம் பிரேமாகத் தீட்டினால் வேலை சுலபமாகிவிடாதா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: ஓவியர் வின்சென்ட் வான்கா பற்றி 2017-இல் வந்த ‘லவ்விங் வின்சென்ட்’ முழுநீளப் படம் அப்படித்தான் உருவானது. நடிகர்களைப் படம்பிடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் கான்வாஸில் ஏறக்குறைய 65,000 பிரேம்களை ஆயில் பெயின்டில் தீட்டினார்கள். அத்தனை கைகளும் ஒரே பாணியில் தீட்ட வேண்டியிருந்ததால் அந்த முறை அங்கே தேவைப்பட்டது. சொந்த நினைவைச் சொல்லும் படத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வீடியோவை வரிக்கு வரி ஒற்றி எடுத்தால் உடல் சரியாக அசையும், ஆனால் எது முக்கியம் என்று உங்கள் மனம் தேர்ந்தெடுப்பது நின்றுபோகும். நினைவில் பாட்டியின் கை பெரிதாகவும் அறை சிறிதாகவும் இருக்கலாம், கேமராவுக்கு அது தெரியாது. மும்பைக் கலைஞர் கீதாஞ்சலி ராவ் ஏறக்குறைய தனி ஆளாக எடுத்து, 2006-இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிட்ட 15 நிமிடப் படத்தில், நிறமற்ற அடுக்ககத்தில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் தீப்பெட்டிப் படங்களின் வண்ண உலகத்துக்குள் நடந்து போகிறார். எந்த வீடியோவை ஒற்றி அதை வரைந்திருக்க முடியும்?

வீடியோவைப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர் கட்டிலிலிருந்து எழுந்திருக்கும் விதம் பிடிபடவில்லை என்றால், வீட்டுப் பெரியவர் ஒருவரின் சம்மதத்தோடு அதைப் படமெடுத்து, பத்து முறை ஓட்டிப் பாருங்கள். முதலில் கை கட்டிலின் விளிம்பைத் தேடுகிறதா, தலை திரும்புகிறதா, எழுவதற்கு முன் எத்தனை விநாடி தயங்குகிறார் என்று கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து, குறிப்பை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணாடியின் முன் உட்காருங்கள்.