மிளகாயில் இலை சுருள்கிறது, மருந்து கேட்கவில்லை

கேள்வி: மிளகாய் நட்டு 50 நாள் ஆகிறது. நுனி இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டு ஒடுங்கிவிட்டன. காம்பு மட்டும் நீளமாக இருக்கிறது. பூவும் கொட்டுகிறது. இமிடாகுளோப்ரிட் இரண்டு முறை அடித்தும் பலனில்லை. அடுத்து என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: அடுத்த மருந்தை வாங்கும் முன் இலையைச் சுருட்டுவது எது என்று பார்த்துவிடுங்கள். இலைப்பேன் என்றால் இலை ஓரம் மேல்நோக்கி மடியும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் என்றால் இலைகள் சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாகிவிடும். இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீள்வது மஞ்சள் முரணைச் சிலந்தியின் வேலை. நீங்கள் சொல்வது அப்படியே இதற்குப் பொருந்துகிறது.

இது பூச்சி இல்லை, எட்டுக்கால் சிலந்தி இனம். இமிடாகுளோப்ரிட் பூச்சிக்கான மருந்து, இதைக் கொல்லாது. அளவு கால் மில்லிமீட்டரைத் தாண்டாது என்பதால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வைத்துக்கொண்டு, நன்றாகச் சுருண்ட இலையை விட்டுவிட்டு, அப்போதுதான் விரியும் துளிரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக, பளபளப்பாக நகரும். கூடவே வெள்ளைப் புள்ளி பதித்த முட்டைகளும் இருக்கும். இலைப்பேனும் சேர்ந்திருக்கிறதா என்று அறிய, நுனியை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். மெல்லிய கோடு போன்ற பூச்சிகள் ஓடினால் அதுவும் உண்டு.

சிலந்தி உறுதியானால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் போதும். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள், கடும் வெப்பத்தில் கந்தகம் இலையைக் கருக்கும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். பாதிப்பு அதிகம் என்றால் சிலந்திக்கான மருந்துகளான புரோபார்கைட் அல்லது ஃபென்பைராக்சிமேட், டப்பாவில் போட்டிருக்கும் அளவில். அடுத்த முறையும் தேவைப்பட்டால் மருந்தை மாற்றுங்கள். எதை அடித்தாலும் நுனியும் இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். மேலாகத் தெளித்துவிட்டு மருந்து சரியில்லை என்பவர்கள்தான் அதிகம்.

சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்துகளை இப்போது தொடாதீர்கள். சிலந்தியைத் தின்னும் நன்மை செய்யும் சிலந்திகள் செத்துவிடும், முரணைச் சிலந்தி இன்னும் பெருகும். வெள்ளை ஈயையும் கவனியுங்கள்: இந்தச் சிலந்தி அதன் காலைப் பற்றிக்கொண்டு செடிக்குச் செடி போகும். மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் ஈ நடமாட்டம் தெரியும்.

அப்புறம், சுருண்ட இலை மறுபடி விரியாது. அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். பத்து நாள் கழித்து வரும் புதுத் துளிர் நேராக இருந்தால் நிறுத்திவிடலாம். அதுவும் சிறுத்து, நரம்பு தடித்து வந்தால் வைரஸாக இருக்கும். அதற்கு மருந்து கிடையாது, அந்தச் செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.