குதிரை ஓடுகிறதா, பறக்கிறதா? (வாங்குவோர் கேள்வி-பதில்)

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் மைப்ரிட்ஜின் (குதிரை ஓடுவதைக் கட்டம் கட்டமாகப் படமெடுத்த 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படக்காரர்) சலனப் புகைப்படங்களைப் பார்த்துக் கையால் தீட்டிய நகல்கள் பற்றிய கடிதங்கள்.

கேள்வி: கான்வாஸில் தடவிப் பார்த்தால் தூரிகைத் தடம் மேடு பள்ளமாகத் தெரிகிறது. அப்படியானால் கையால் வரைந்ததுதானே?

பதில்: தடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அச்சடித்த கான்வாஸின் மேல் நிறமற்ற ஜெல்லை இழுத்துவிட்டாலும் மேடு வரும். 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நீலம், மஞ்சள், சிவப்பு, கருப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அச்சு. அடுத்து, மேடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். தீட்டிய படத்தில் அது குதிரையின் கால், கழுத்து வளைவோடு போகும். ஜெல் தடம் படத்தைச் சட்டை செய்யாமல் குறுக்கே போகும்.

கேள்வி: 'மைப்ரிட்ஜ் உரிமைத் தொகை' என்று தனியாக 1,500 ரூபாய் கேட்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். அவர் இறந்தது 1904-இல். அந்தப் படங்களின் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது.

கேள்வி: ஸூப்ராக்ஸிஸ்கோப் (வட்டைச் சுழற்றிப் படங்களைத் திரையில் ஓடவிடும் மைப்ரிட்ஜின் கருவி) கண்ணாடி வட்டின் கைவண்ண நகல் வாங்கினேன். குதிரைகள் இழுத்துவைத்தாற்போல நீளமாக இருக்கின்றன. திருப்பி அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். உங்களுக்குக் கிடைத்தவர் விஷயம் தெரிந்தவர். அந்தக் கருவியில் பட வட்டு ஒரு பக்கமும், பிளவுகள் உள்ள வட்டு எதிர்ப் பக்கமும் சுழலும். திரையில் விழும்போது உருவம் பக்கவாட்டில் ஒடுங்கும். அதை ஈடுகட்டத்தான் நீட்டி வரைந்தார்கள். 'சரிசெய்து' அழகான குதிரை வரைந்து தருகிறவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். வண்ணம் பூசிய பக்கத்தைத் துடைக்க வேண்டாம். கண்ணாடி துடைக்கும் திரவம் கூடவே கூடாது. கண்ணாடியில் அடிப்பூச்சு இல்லாமல் பூசிய மலிவு அக்ரிலிக் நகம் பட்டாலே உரியும். என் அலமாரியில் அப்படித் தலை போன ஒரு குதிரை இருக்கிறது, ரசீதோடு.

கேள்வி: 1878-ஆம் ஆண்டின் 12 கட்டக் குதிரைப் படத்தைக் கையால் தீட்டித் தரச் சொல்லப்போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கேட்டுவிட்டீர்கள், பொறுமையாகப் படியுங்கள். அமெரிக்காவின் பாலோ ஆல்டோ குதிரை ஓடுதளத்தில் 12 கேமராக்களை 27 அங்குலத்துக்கு ஒன்றாக வைத்து, சாலி கார்ட்னர் என்ற குதிரையை மைப்ரிட்ஜ் எடுத்த படம் அது. நான்கு குளம்புகளும் தரையைவிட்டு எழுவது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போதுதான் என்று அது காட்டியது. மேல் வரிசையின் 2, 3-ஆம் கட்டங்களைப் பாருங்கள். நம் சந்தையிலோ பாதி நகல்களில் குதிரை முன்னங்காலை முன்னும் பின்னங்காலைப் பின்னும் நீட்டிப் பறக்கிறது. எந்தத் தவற்றை அந்தப் படம் உடைத்ததோ, அதையே எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக் காசு கேட்கிறார்கள்!

பின்னணிக் கோடுகளையும் விடச் சொல்லாதீர்கள். செங்குத்துக் கோடுகளின் இடைவெளி 27 அங்குலம், கிடைக்கோடுகளின் இடைவெளி 4 அங்குலம்; அவை அளவுகோல், அலங்காரமல்ல. இணையத்தில் ஓடும் குதிரைத் துண்டுப்படத்தை '1878' என்று காட்டினால் நம்பவேண்டாம். பெரும்பாலும் அது 1887-இல் வந்த மைப்ரிட்ஜின் இன்னொரு தொகுப்பின் 626-ஆம் படம். குதிரையின் பெயர் ஆனி ஜி.

அகலம் 24 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். 12 அங்குலத்தில் ஒரு குளம்பு 2, 3 மில்லிமீட்டர்தான் வரும். முன்பணம் 30 சதவீதத்துக்கு மேல் தராமல், முதலில் பென்சில் கோட்டு வரைவைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கட்டங்களைத் தனித்தனியே வெட்டி, போனில் வரிசையாக ஓட்டிப் பாருங்கள். கடைசிக் கட்டத்தில் குதிரை நிற்கும்; அதை விட்டு 11 போதும். சவாரிக்காரரின் தலை சீராகப் போக வேண்டும். எங்கே எகிறுகிறதோ அந்தக் கட்டத்தில் அளவு பிசகியிருக்கிறது. வண்ணம் ஏறுவதற்கு முன்பே திருத்தச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பில் வாங்கவில்லை, பேசிய வாட்ஸ்அப்பையும் அழித்துவிட்டேன். மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டிய படம் வெளுத்துவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: எதைக் காட்டிக் கேட்பீர்கள்? முதலில் படத்தை வேறு சுவருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ஓய்வூதியத்தில் சேர்த்து, 'முழுக்கக் கைவேலை' என்ற விளம்பரத்தை நம்பி இணையச் சந்தையில் வாங்கினேன். வந்தது அச்சுப்படம். 'ஆர்டரின் பேரில் செய்தது, திருப்ப முடியாது' என்கிறார்கள்.

பதில்: அம்மா, தப்பு உங்கள் பேரில் இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். லென்ஸ் வழியாகப் புள்ளிகள் தெரியும்படி ஒரு படமும் எடுங்கள். இரண்டையும் சேர்த்து அந்த இணையதளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. உங்கள் ஊரிலேயே மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதுவரை படத்தை அட்டைப்பெட்டியோடு பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: மைப்ரிட்ஜின் அசல் கண்ணாடி வட்டு 25,000 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: உலகில் எஞ்சியிருப்பவை சுமார் 70. பெரும்பகுதி இங்கிலாந்தில் கிங்ஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேண்டாம்.