புதுமணத் தம்பதியின் முதல் விடுமுறைக்கு நியூ ஆர்லியன்ஸ் ஏற்ற ஊரா?

கேள்வி கேட்டவர், தானும் கணவரும் முதல் முறையாகச் சேர்ந்து செல்லும் விடுமுறைக்கு அமெரிக்காவின் தெற்கே உள்ள நியூ ஆர்லியன்ஸைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், கணவருக்குக் கூட்டமும் பாட்டும் பிடிக்கும் என்றும், தனக்கு அமைதி வேண்டும் என்றும், நான்கு நாட்களைச் சண்டையில்லாமல் எப்படிக் கழிப்பது என்றும் கேட்டிருக்கிறார். எங்கள் கதையும் ஏறக்குறைய இதுதான் என்பதால் பதில் எழுதுகிறேன்.

தாராளமாகப் போகலாம். ஆனால் எங்கே தங்குவது, ஒரு நாளின் எந்தப் பாதி யாருடையது என்ற இரண்டையும் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் இரண்டையும் பேசவில்லை.

எங்களுக்குத் திருமணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதில் ஐந்து மாதம் விசாவுக்குக் காத்துக்கொண்டு நான் மதுரையிலும் அவர் சிகாகோவிலுமாகக் கழித்திருந்தோம். அந்த நவம்பரில், சிகாகோவில் குளிர் இறங்கத் தொடங்கிய நேரத்தில், ஆம்ட்ராக் நிறுவனத்தின் ‘சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்’ ரயிலில் ஏறினோம். ஏறத்தாழ 19 மணி நேரப் பயணம். கடைசி ஒரு மணி நேரம் பாண்ட்சர்ட்ரெய்ன் ஏரியை ஒட்டிச் சதுப்பு நிலத்தின் நடுவே ரயில் போகிறது. அதை மட்டுமாவது தூங்காமல் பாருங்கள்.

விடுதியைத் தேர்ந்தெடுத்தவர் அவர். பர்பன் தெருவிலேயே, மாடத்துடன் கூடிய அறை. கட்டில் அருகே சிறு மேசையில் இரண்டு ஜோடி காதடைப்பான்கள் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபோதே எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். அந்த ஊரில் பிளாஸ்டிக் கோப்பையில் மதுவை ஏந்திக்கொண்டு தெருவில் நடப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது என்பதால், விடியற்காலை மூன்று மணி வரை கூட்டம் கலையவில்லை. என் கணவர் நிம்மதியாகத் தூங்கினார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். உங்களுக்கு அமைதி வேண்டும் என்றால், ஊரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரிலேயே எஸ்பிளனேட் சாலைப் பக்கமாக இருக்கும் தெருக்களிலோ, செயின்ட் சார்ல்ஸ் சாலையில் டிராம் ஓடும் தடத்தை ஒட்டியோ அறை எடுங்கள். சத்தம் வேண்டும் என்னும்போது நடந்தோ டிராமிலோ போய்க் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்.

பட்டியல் போட்டவள் நான். நான்கு நாளுக்குப் பதினான்கு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து. பிரெஞ்சு குவார்ட்டர் என்ற பெயரைக் கேட்டு நம் புதுச்சேரி போல இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. 1718-இல் ஊரை நிறுவியவர்கள் பிரெஞ்சுக்காரர்களே என்றாலும், ஸ்பானியர்கள் ஆண்ட காலத்தில் 1788-இலும் 1794-இலும் பற்றிய பெருந்தீயில் பழைய வீடுகள் பெரும்பாலும் எரிந்துபோயின. எனவே இன்று நாம் காணும் முற்றங்களும் கனத்த செங்கல் சுவர்களும் ஸ்பானியச் சாயல் கொண்டவை. தெருமுனைகளில் பதித்திருக்கும் ஓடுகளில் அந்தக் காலத்து ஸ்பானியப் பெயர்களையும் வாசிக்கலாம். மாடங்களின் இரும்புப் பின்னல்களிலிருந்து தொங்கும் பெரணித் தொட்டிகளில் தண்ணீர் ஊற்றினால் அது கீழே நடப்பவர் தலையில்தான் சொட்டும். முதல் நாள் காலையில் என் தலையில் சொட்டியது.

சண்டை இரண்டாம் நாள் வந்தது. ராயல் தெருவில் பகல் வேளையில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள்; இசைக்கலைஞர்கள் தெரு நடுவிலேயே உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஒரு கிளாரினெட், ஒரு பாஞ்சோ, துணி துவைக்கும் வரிப்பலகையை மார்பில் மாட்டிக்கொண்டு விரலுறையால் உரசித் தாளம் போடும் ஒரு பெண்மணி. பள்ளி நாட்களில் மிருதங்கம் பயின்ற என் கணவர், தொடையில் விரல்களால் கணக்குப் போட்டுக்கொண்டே நாற்பது நிமிடம் நின்றார். நான் கைப்பேசியில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செயின்ட் லூயிஸ் முதலாம் கல்லறைத் தோட்டத்துக்கு நான் முன்பதிவு செய்திருந்த நேரம் தவறிவிட்டது. 1789-இல் தொடங்கப்பட்ட அந்த இடத்துக்குள் 2015 முதல் வழிகாட்டி இல்லாமல் பொதுமக்கள் போக முடியாது; குழு போய்விட்டால் போய்விட்டதுதான். நடுத்தெருவில் சொல்ல முடியாததையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு இருவரும் பேசாமல் டிராம் ஏறினோம்.

அந்த டிராம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று இப்போதும் சொல்வேன். செயின்ட் சார்ல்ஸ் தடம் 1835 முதல் இயங்கி வருகிறது. இன்று ஓடும் பச்சை நிறப் பெட்டிகள் 1920-களில் செய்யப்பட்டவை. மர இருக்கைகள், திறந்த சன்னல்கள், குளிர்சாதனம் கிடையாது. கட்டணம் ஒன்றேகால் டாலர்; சில்லறை திருப்பித் தர மாட்டார்கள் என்பதால் சரியாக எடுத்து வையுங்கள். இருபுறமும் பெரிய ஓக் மரங்கள், அவற்றின் கிளைகளில் என்றோ மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தில் வீசப்பட்டுச் சிக்கிக்கொண்ட மணிமாலைகள். கடைசி நிறுத்தம் வரை போய், இருக்கையின் முதுகுப் பலகையை மறுபக்கம் தள்ளிவிட்டு, அதே வண்டியில் திரும்பினோம். திரும்பும் வழியில் அவர்தான் முதலில் பேசினார்: “காலை முழுக்க உன்னுடையது. மூணு மணிக்கு மேல என்னுடையது. ஒருத்தர் நேரத்துல இன்னொருத்தர் கடிகாரம் பார்க்கக் கூடாது.” இந்த ஒப்பந்தத்தை நீங்கள் ரயில் ஏறுவதற்கு முன்பே செய்துகொள்ளுங்கள்.

அந்த ஊருக்கு இந்தப் பங்கீடு நன்றாகப் பொருந்துகிறது. காலையில் எட்டு மணிக்குக் குவார்ட்டர் வெறிச்சோடிக் கிடக்கும். கடைக்காரர்கள் வாசலைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். ஜாக்சன் சதுக்கத்தின் எதிரே 1862 முதல் இருக்கும் கஃபே டு மோண்டில் சிக்கரி காபியும், ஒரு தட்டுக்கு மூன்றாக பென்யே பலகாரமும் கிடைக்கும். நமக்குச் சிக்கரி புதிதல்ல. முதல் வாய் காபியிலேயே கும்பகோணம் நினைவுக்கு வந்துவிட்டது. பென்யேயின் மேல் சர்க்கரைத் தூளை மலை போலக் கொட்டியிருப்பார்கள். கடிக்கும்போது மூச்சை உள்ளே இழுக்காதீர்கள், கறுப்புச் சட்டையும் அணியாதீர்கள். பிறகு வெள்ளத் தடுப்புக் கரையின் மேல் ஏறி மிசிசிப்பியைப் பாருங்கள். ஆற்றைப் பார்க்கப் படியேற வேண்டியிருக்கிறது என்பதே அந்த ஊரின் நிலையைச் சொல்லிவிடும். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலின்போது தடுப்புச் சுவர்கள் உடைந்து ஊரில் ஏறத்தாழ 80 சதவீதம் நீரில் மூழ்கியது. ஆற்றோரம் சற்று மேடான இடத்தில் கட்டப்பட்ட பழைய குவார்ட்டர் பெரும்பாலும் தப்பியது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல், அதாவது அவருடைய நேரத்தில், ஒரு கல்யாண ஊர்வலம் எதிரே வந்தது. குடை பிடித்த மணமக்கள், பின்னால் பித்தளை வாத்தியக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் வெள்ளைக் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு உறவினர். ‘செகண்ட் லைன்’ என்று அங்கே சொல்கிறார்கள்: ஊர்வலத்துக்கு உரியவர்களும் வாத்தியக்காரர்களும் முதல் வரிசை, பின்னால் சேர்ந்துகொண்டு ஆடுபவர்கள் இரண்டாம் வரிசை. சாவு ஊர்வலத்திலிருந்து வந்த வழக்கம் இது. கல்லறைக்குப் போகும்போது மெதுவாக வாசிப்பவர்கள், அடக்கம் முடிந்ததும் துள்ளலுக்கு மாறிவிடுவார்கள். சாவுக்கும் கல்யாணத்துக்கும் மேளம் வைக்கும் ஊரில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கைக்குட்டை இல்லாததால் என் துப்பட்டாவைச் சுழற்றிக்கொண்டு இரண்டு தெரு தூரம் நானும் ஆடினேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இரவுப் பாட்டுக்குப் பர்பன் தெருவை விட்டுவிட்டுப் பிரெஞ்ச்மென் தெருவுக்குப் போங்கள். பல இடங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு பானமாவது, பழச்சாறாக இருந்தாலும், வாங்க வேண்டும். கலைஞர்களின் வாளி சுற்றி வரும்போது பணம் போட வேண்டும். உங்களுக்கு அடக்கமான கச்சேரிதான் பிடிக்கும் என்றால் 1961 முதல் நடக்கும் பிரிசர்வேஷன் ஹால் இருக்கிறது: ஒரு சிறிய பழைய அறை, மர பெஞ்சு, முக்கால் மணி நேரம், மது விற்பனை கிடையாது. இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் எங்களுக்கு அதுதான்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. வெண்டைக்காய் சேர்த்த கம்போ என்ற கெட்டிக் குழம்பைப் பார்த்ததும் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காய்க்கு இருந்த சொல்லிலிருந்தே அந்தப் பெயர் வந்தது என்கிறார்கள்; ஆனால் உள்ளே பெரும்பாலும் இறாலோ கோழியோ இருக்கும். திங்கட்கிழமைகளில் கிடைக்கும் சிவப்புக் காராமணிச் சோறு போலத் தோன்றும் உணவிலும் பன்றி இறைச்சி போடுவது வழக்கம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கோடையில் போக வேண்டாம். புழுக்கம் சென்னையைத் தோற்கடிக்கும், ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவமும்கூட. அந்தப் பருவம் முடியும் தறுவாயில் வரும் அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் நல்ல நேரம். பிப்ரவரி, மார்ச்சில் என்றால் மார்டி கிரா தேதியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசி நாள் மாலை, ஆளுக்கு இரண்டு டாலர் கொடுத்து, கெனால் தெருவிலிருந்து ஆற்றின் அக்கரையில் உள்ள அல்ஜியர்ஸுக்குப் படகில் போய்வந்தோம். கையில் பெக்கான் பருப்பு மிட்டாய்ப் பொட்டலம். ஆறு வாங்கியதற்குக் கடைக்காரப் பெண்மணி ஏழாவதாக ஒன்றைப் போட்டு, “லான்யாப்” என்றார். நம் கொசுறுதான், அந்த ஊரில் அதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஏழாவதை யார் தின்பது என்று பேச்சு வந்தது. படகு கரை சேர்வதற்குள் அவர் அதை இரண்டாக உடைத்தார். சற்றே பெரிய துண்டு எனக்கு வந்தது.