அவன் யாரிடமாவது சொல்லியிருப்பான்

வணக்கம் சார்,

நான் கொளத்தூரில் இருக்கிறேன். மகன் பதினொன்றாம் வகுப்பு. கொஞ்ச நாளாக அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த துப்பாக்கிச்சூடுகளைப் பற்றிய வீடியோக்களாகவே பார்க்கிறான். போன வாரம் சாப்பிடும்போது, "அவனுங்க பண்ணது தப்புதாம்மா. ஆனா அவனுங்களுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கவே இல்லையே" என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் கணவர் "கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்குறியா" என்று சத்தம் போட்டு போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். அன்றிலிருந்து அவன் எங்கள் இரண்டு பேரிடமும் சரியாகப் பேசுவதில்லை.

நன்றாகப் படிக்கிற பையன் சார். கெட்ட சகவாசம் கிடையாது. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை கூடப் படிக்கிறவர்களையே கொல்லும் அளவுக்கு எப்படிப் போகிறான்? கேம், சினிமா, போன் இதெல்லாம்தான் காரணமா? அதைப் புரிந்துகொள்ள நினைப்பதே தப்பா? போனைத் திருப்பிக் கொடுக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் கேட்டதில் தப்பில்லை. நீங்கள் பயந்ததும் இயல்புதான். ஆனால் அவன் சொன்னதில் ஒரு விவரம் சரியில்லை, அதிலிருந்தே தொடங்குகிறேன். யாரும் கேட்கவில்லை என்கிறான். அந்தப் பையன்களில் பெரும்பாலோர் முன்கூட்டியே யாரிடமாவது சொல்லியிருக்கிறார்கள். கேட்டவர்களும் இருந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் சீக்ரட் சர்வீஸ், அதாவது ஜனாதிபதிக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் அதே அமைப்பு, அந்நாட்டுக் கல்வித்துறையோடு சேர்ந்து ஓர் ஆய்வு செய்தது. 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களையும் அவற்றைச் செய்த 41 பேரையும் எடுத்துக்கொண்டு, அவர்களில் 10 பேரிடம் நேரிலும் பேசினார்கள். 2002இல் அறிக்கை வந்தது. 81 சதவீதச் சம்பவங்களில், இவன் இப்படி ஒன்றை யோசிக்கிறான் என்பது குறைந்தது ஒருவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவற்றில் பல பேருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே நண்பர்கள், கூடப் படித்தவர்கள், கூடப் பிறந்தவர்கள். பெரியவர்களிடம் அந்தச் செய்தி வந்து சேர்வது அபூர்வம்.

கென்டக்கி மாநிலத்தில் பதூக்கா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. 1997 டிசம்பர் 1, திங்கட்கிழமை காலை. பள்ளி முகப்பில் கூடி ஜெபத்தை முடித்துக்கொண்டிருந்தவர்களை 14 வயது மாணவன் ஒருவன் சுட்டான். மூன்று பெண் பிள்ளைகள் இறந்துபோனார்கள். திங்கட்கிழமை பெரிதாக ஒன்று நடக்கப்போகிறது என்று அவன் முந்தைய வாரமே கூடப் படித்தவர்களிடம் சொல்லியிருந்தான். சும்மா பேசுகிறான் என்று விட்டுவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் பள்ளி இதழின் கிசுகிசுப் பத்தியில் அவனை ஓரினச் சேர்க்கையாளன் என்ற தொனியில் எழுதியிருந்தார்கள். அந்த வயதில், அந்த ஊரில், அதற்கு மேல் ஒரு பையனை அவமானப்படுத்த முடியாது. பள்ளியில் எல்லோரும் மதிக்கிற கூட்டத்தில் அவனுக்கு இடமில்லை. கோமாளித்தனம் செய்து பார்த்தான், பொருட்களைத் திருடிக் கொண்டுவந்து காட்டிப் பார்த்தான். எதுவும் எடுபடவில்லை.

கேத்ரின் நியூமன் என்ற சமூகவியலாளர் அந்த ஊருக்கும், அடுத்த மார்ச்சில் 11, 13 வயதுச் சிறுவர்கள் இருவர் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்ற ஜோன்ஸ்பரோவுக்கும் தன் மாணவர்களோடு போய் ஆராய்ந்தார். இந்தப் பையன்கள் யாருடனும் ஒட்டாத தனியர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் கண்டது வேறு. ஒட்ட வேண்டும் என்று திரும்பத் திரும்ப முயன்று, ஒவ்வொரு வாசலிலும் விரட்டப்பட்டவர்கள் இவர்கள். கோமாளியாக இருந்து கிடைக்காத மரியாதை, பயமுறுத்தினால் கிடைக்கும் என்று ஒரு கட்டத்தில் கணக்குப் போடுகிறார்கள். அப்புறம், வாயால் சொன்னதைச் செய்யாமல் விட்டால் அதுவே இன்னொரு அவமானம்.

நியூமன் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு நம் ஊரை நினைக்க வைத்தது. இவை முகம் தெரியாத பெருநகரங்களில் நடக்கவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாக இருந்த சின்ன ஊர்களில் நடந்தன. ஒரு டீச்சருக்கு அவன் எழுதிய கட்டுரை தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கு அவன் முரட்டுத்தனம் தெரியும், நண்பனுக்கு அவன் பேச்சு தெரியும். தெரிந்ததை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அவங்க பையனைப் பத்தி நாம போய்ச் சொன்னா நாளைக்கு எப்படி முகத்தில் முழிக்கிறது" என்ற தயக்கம். கொளத்தூர் அபார்ட்மென்டிலும் மயிலாப்பூர்த் தெருவிலும் இந்தத் தயக்கத்தை நான் தினமும் பார்க்கிறேன்.

சரி, அவர்கள் மனதுக்குள் என்ன நடக்கிறது? இப்படிப்பட்ட பையன் என்று ஒரு அச்சு கிடையாது என்பதை சீக்ரட் சர்வீஸின் அந்த அறிக்கை உறுதியாகச் சொல்கிறது. நல்ல மார்க் வாங்கியவர்கள் இருந்தார்கள், தோற்றவர்கள் இருந்தார்கள். பள்ளியில் ஒரு வம்புக்கும் போகாதவர்கள்தான் அதிகம். ஆனால் 41 பேரும் ஆண்கள். 71 சதவீதம் பேர் தாங்கள் சீண்டப்பட்டதாக, துன்புறுத்தப்பட்டதாக உணர்ந்தவர்கள். கிட்டத்தட்ட எல்லோருமே அதற்கு முன்பு ஏதோ ஓர் இழப்பையோ பெரிய தோல்வியையோ சந்தித்தவர்கள். 78 சதவீதம் பேர் தற்கொலையை நினைத்தவர்கள் அல்லது முயன்றவர்கள். இந்தக் கடைசி எண்ணை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கொல்ல வேண்டும் என்பதற்கு முன்னால் செத்துவிட வேண்டும் என்று இருந்திருக்கிறது. தான் ஒன்றுமில்லை என்று நினைக்கிற பையன், போகும்போதாவது ஊர் நம்மைப் பார்க்கட்டும் என்று முடிவெடுக்கிறான். 1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் அன்றே 13 பேரைக் கொன்ற இருவரில் ஒருவனின் அம்மா, மகன் சாக விரும்பினான் என்பதை அவன் இறந்த பின் கிடைத்த எழுத்துகளில்தான் படித்தார். சம்பவத்துக்கு மூன்று நாள் முன்னால் அவன் பள்ளி நடன விருந்துக்குப் போய்விட்டு வந்திருந்தான். பாசமான வீடுதான். அந்த அம்மா இன்றுவரை தற்கொலைத் தடுப்புக்காகப் பேசிவருகிறார்.

ஆனால் அவமானமும் சாக வேண்டும் என்ற எண்ணமும் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு வருகிறது. அவர்கள் யாரையும் கொல்வதில்லை. இன்னும் இரண்டு விஷயங்கள் சேர வேண்டியிருக்கிறது. ஒன்று, கையில் ஆயுதம். ஆய்வில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துப்பாக்கி சொந்த வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ வந்தது. நம் நாட்டில் 2007 டிசம்பரில் குர்கான் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு மாணவனைச் சக மாணவர்கள் சுட்டுக் கொன்றபோதும் அது அப்பாவின் துப்பாக்கி. கொளத்தூர் வீட்டு அலமாரிகளில் துப்பாக்கி இல்லை என்பது மிகப் பெரிய வித்தியாசம்.

இரண்டாவது, முன்மாதிரி. கொலம்பைனுக்குப் பின் வந்த பலர் அந்த இருவரைப் படித்து, பார்த்து, அவர்களைப் போலவே ஆக விரும்பினார்கள். 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவன் தான் விட்டுச்சென்ற செய்தியில் அவர்களைக் குறிப்பிட்டிருந்தான். இந்தப் பதிலில் சுட்டவர்கள் ஒருவர் பெயரைக்கூட நான் எழுதாததற்குக் காரணம் இதுதான். உங்கள் மகன் பார்க்கிற வீடியோக்களில் எனக்குள்ள ஒரே வருத்தமும் இதுதான். சுட்டவனின் முகம் எத்தனை தடவை வருகிறது, இறந்த பிள்ளைகளின் முகம் எத்தனை தடவை வருகிறது என்று அவனையே கவனிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் என்ன ஆச்சு என்று கேட்க ஆள் வேண்டும் இல்லையா?

கேம், சினிமா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வன்முறை கேம்களில் ஈடுபாடு காட்டியவர்கள் அந்த 41 பேரில் 12 சதவீதம், படங்களில் 27 சதவீதம். அதைவிட அதிகமாக, 37 சதவீதம் பேரின் வன்முறை வெளிப்பட்டது அவர்களே எழுதிய கவிதையிலும் கட்டுரையிலும் நாட்குறிப்பிலும். டீச்சர் திருத்துகிற நோட்டிலேயே இருந்திருக்கிறது! 2021 நவம்பரில் மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் 15 வயதுப் பையன் கணக்குத் தாளில் துப்பாக்கி வரைந்து, "நினைப்பு நிக்கவே மாட்டேங்குது, உதவி பண்ணுங்க" என்ற பொருளில் எழுதியிருந்தான். காலையில் பெற்றோரை வரவழைத்தார்கள். அவர்கள் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. அப்பா நான்கு நாள் முன்பு துப்பாக்கி வாங்கியதைச் சொல்லவில்லை. பள்ளியும் பையைத் திறந்து பார்க்காமல் வகுப்புக்கு அனுப்பிவிட்டது. அன்று மதியம் அவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்துபோனார்கள். 2024இல் அந்த அம்மா அப்பா இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கே வருவோம். 2012 பிப்ரவரியில் பாரிமுனைப் பக்கம் ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். அவனுடைய படிப்பைப் பற்றி டைரியில் எழுதி அனுப்பியிருந்தார் அந்த ஆசிரியை. தன் வேலையைச் செய்தவர், அவர் மேல் துளியும் பழி கிடையாது. ஊர் பேசியது எதை? அவன் பார்த்த ஒரு இந்திப் படத்தை. படத்தைத் திட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். அந்த வயதுப் பையனுக்கு மனதில் இருப்பதைச் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒரு ஆள் இருந்தாரா என்ற கேள்வியை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

இன்றும் நம் பள்ளிகளுக்குத் தெரிந்த சிகிச்சைகள் மூன்று: டைரியில் எழுதுவது, பேரன்ட்ஸைக் கூட்டிவரச் சொல்வது, டிசி கொடுப்பது. நூறு சதவீத ரிசல்ட்டுக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே பையனை வெளியே தள்ளுகிற பள்ளிகளை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்த நிலையில் ஒரு மாணவன் தன் நண்பனைப் பற்றி மிஸ்ஸிடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? நண்பனுக்கு டிசி. சொன்னவனுக்குப் "போட்டுக்கொடுத்தவன்" என்ற பட்டம். அவன் ஏன் சொல்லப்போகிறான்?

வெளியே தள்ளுவதால் ஆபத்து தீர்ந்துவிடுமா என்றால், 2002 ஏப்ரலில் ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரில் 16 பேரைக் கொன்றவன் சில மாதங்களுக்கு முன் அதே பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவன். அந்த மாநிலத்து விதிப்படி அத்தனை வருடம் படித்தும் அவன் கையில் ஒரு சான்றிதழ் இல்லை. நீக்கப்பட்டதே பெற்றோருக்குத் தெரியாது. தினமும் பள்ளிக்குப் போவதுபோல் வீட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

சொன்னால் மட்டும் போதும் என்றும் எழுத முடியவில்லை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கூடப் படித்த ஆதிக்கச் சாதிப் பையன்களின் தொல்லையால் பள்ளிக்கு வருவதையே நிறுத்தினான் ஒரு பட்டியலின மாணவன். ஏன் வரவில்லை என்று கேட்டபோது நடந்ததைச் சொன்னான். பதிலுக்கு அரிவாளோடு வீட்டுக்கே வந்தார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அமெரிக்கப் பையன் எந்தக் கூட்டத்திலும் இடம் கிடைக்காததால் ஆயுதம் எடுத்தான். இவர்கள் தங்களுக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருக்கிறது என்ற தைரியத்தில் எடுத்தார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ஆனால் சொல்கிற பிள்ளையைக் காப்பாற்ற ஏற்பாடு இல்லாமல் "பயப்படாம சொல்லு" என்று சொல்வது பெரியவர்கள் செய்கிற துரோகம்.

ஏற்பாடு இருந்தால் பலன் உண்டு. அதே சீக்ரட் சர்வீஸ் 2021இல் வேறொரு ஆய்வை வெளியிட்டது. இந்த முறை நடக்காமல் தடுக்கப்பட்ட 67 சதித்திட்டங்கள். பெரும்பாலானவை வெளியே வந்தது, அந்தப் பையன் பேசியதை அல்லது எழுதியதைக் கண்ட யாரோ ஒருவர், பல இடங்களில் சக மாணவர், போய்ச் சொன்னதால்.

இனி உங்கள் வீடு. இந்த மாதிரிச் சம்பவங்களைத் தேடிப் பார்க்கிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்வதில்லை. பயப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு: சுட்டவனைப் பெருமையாகப் பேசுவது, குறிப்பிட்ட ஆளையோ நாளையோ சொல்வது, தனக்குப் பிடித்த பொருட்களை எடுத்துக் கொடுப்பது, தூக்கமும் சாப்பாடும் மாறிப்போவது, இனி எதுவும் இல்லை என்ற பேச்சு. உங்கள் கடிதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது, பெயரைக் கேட்டுக் கூச்சப்பட வேண்டாம்.

போனை உங்கள் கணவரே அவன் கையில் கொடுக்கட்டும், நீங்கள் வேண்டாம். பிடுங்கியவர் கொடுத்தால்தான் பேச்சு திரும்பும். "நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லாம கத்திட்டேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறகு ஏதாவது ஒரு நாள், மூன்று பேரும் இருக்கும்போது, அவனைப் பற்றி விசாரிக்காமல் இதைக் கேளுங்கள்: "உன் கிளாஸ்ல யாராவது இந்த மாதிரி பேசினா, இல்ல செத்துடலாம்னு சொன்னா, நீ யார்கிட்ட போய்ச் சொல்லுவ?" யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பான் என்றுதான் நினைக்கிறேன். கோபப்படாமல் ஏன் என்று கேளுங்கள், அவன் சொல்கிற காரணத்தை முழுதாகக் கேளுங்கள். எங்களிடம் சொன்னால் முதலில் பள்ளிக்கு போன் போட மாட்டோம், அந்தப் பையனின் வீட்டில் யாரிடம் பேசலாம் என்று உன்னோடு சேர்ந்து முடிவெடுப்போம், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உடனே உதவிக்கு ஆளைக் கூப்பிடுவோம் என்று வாக்குக் கொடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழில் பேசலாம், சிறுவர்களுக்கு 1098 இருக்கிறது. இரண்டையும் அவன் போனில் பதிந்து வைத்துவிட்டுக் கொடுங்கள்.

அன்புடன்.