‘தி டார்க் கிரிஸ்டல்’ பொம்மைப் படத்தைப் பற்றி ஏன் இவ்வளவு முரண்பட்ட கருத்துகள்? பிள்ளைகளோடு பார்க்கலாமா?

உங்கள் நண்பர் இந்தப் படத்தைக் காவியம் என்று புகழ்ந்ததாகவும், உங்கள் அண்ணன் அரை மணி நேரத்திலேயே அணைத்துவிட்டு ‘இது பிள்ளைகளைப் பயமுறுத்தும் படம்’ என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டால் இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது.

படம் வெளிவந்தது 1982 டிசம்பரில். இயக்கியவர்கள் ஜிம் ஹென்சனும் ஃபிராங்க் ஆஸும். அதுவரை ‘செசமி ஸ்ட்ரீட்’, ‘தி மப்பெட் ஷோ’ ஆகிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் சிரிக்கும் பொம்மைகளால் அறியப்பட்டிருந்த ஹென்சனிடமிருந்து, பருந்தைப் போன்ற அலகும் அழுகிய பட்டாடையுமாக ஸ்கெக்சிஸ் என்ற கொடுங்கோலர் கூட்டம் வந்து நிற்கும் என்று எவர் எதிர்பார்த்திருப்பார்? திரையில் ஒரு மனித முகம்கூட இல்லை; எல்லாம் ஆட்கள் இயக்கும் பொம்மைகள்தான். ஸ்கெக்சிஸ் தங்களுக்கென உருவாக்கிய ஒரு மொழியில் பேசுவதாகத்தான் முதலில் எடுத்திருந்தார்கள். முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர்கள் குழம்பிப்போனதால், பிறகு ஆங்கில வசனம் சேர்த்தார்கள். ஆக, உங்கள் நண்பருக்கும் அண்ணனுக்கும் இடையிலான இந்த வழக்கு, படம் வெளியாவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வசிக்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் குடும்பத்தோடு பார்ப்பதற்காக அவ்வப்போது படம் திரையிடுவது வழக்கம். ஒரு கோடை விடுமுறையில் இந்தப் படத்தை நான்தான் முன்மொழிந்தேன். ஆங்கிலம் புரியாதவர்களுக்காக இடையிடையே நிறுத்தித் தமிழில் கதை சொன்னேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் படிகம் விரிசல் கண்டபோது ஓரினம் ஈரினமாகப் பிரிந்தது. ஒன்று கொடிய ஸ்கெக்சிஸ், மற்றொன்று சாந்தமான மிஸ்டிக்ஸ். மூன்று சூரியன்களும் ஒன்றுகூடும் நேரத்திற்குள், உடைந்து விழுந்த சில்லை ஜென் என்ற இளைஞன் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கதை இவ்வளவுதான்.

பாட்லிங் என்ற எளிய மக்களைப் பிடித்துவந்து, நாற்காலியில் கட்டி, படிகத்தின் ஒளியைக் கண்ணில் பாய்ச்சி அவர்களுடைய உயிர்ச்சாரத்தை உறிஞ்சி எடுக்கும் காட்சி வந்தது. கண்கள் வெளிறி, முகம் வற்றி, அவர்கள் நடைப்பிணமாகிறார்கள். அந்த இடத்தில் ஒரு தந்தை எழுந்து, “பொம்மைப் படம்னு சொல்லிப் பேய்ப்படத்தைக் காட்டுறீங்களே சார், ராத்திரி இவன் எப்படித் தூங்குவான்?” என்று கோபமாகக் கேட்டுவிட்டு மகனை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பேரையூர்ப் பக்கத்திலிருந்து பேத்தியோடு வந்திருந்த ஒரு மூதாட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தார். “இதென்னய்யா, நல்லதங்கா கூத்துல இல்லாத கொடுமையா? நாங்கள்லாம் விடிய விடியப் பாத்து அழுதுபுட்டுத்தான் வளந்தோம்” என்றார்.

என் பதில் அந்த அம்மாளின் சொல்லில்தான் இருக்கிறது. இந்த வட்டாரத்து ஊர்களில் தோல்பாவைக் கூத்து பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, பொம்மை என்றால் சிறுபிள்ளைச் சமாச்சாரம் என்ற எண்ணமே கிடையாது. ஆட்டுத்தோலில் வரைந்து வண்ணமிட்ட பாவைகளை வெள்ளைத்திரைக்குப் பின்னால் விளக்கொளியில் ஆட்டியபடி, ஒரே கலைஞர் இராவணனாகவும் சீதையாகவும் குரல் மாற்றிப் பேசுவார். பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடிப்போய், அண்ணியால் அவமதிக்கப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்த நல்லதங்காளின் கதையைப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில் இன்றும் அவளுக்குக் கோயில் இருக்கிறது.

உலகப் புகழ்பெற்ற ஒரு படத்தையும் நம்மூர்க் கூத்தையும் ஒப்பிடுவது பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். ஒன்று நிழல், மற்றொன்று முழு உருவம் என்பதை நான் அறிவேன். தொழில்நுட்பத்தை நான் ஒப்பிடவும் இல்லை. ஸ்கெக்சிஸ் உருவத்திற்குள் ஒருவர் நுழைந்து, தம் கையைத் தலைக்கு மேலே தூக்கி அதன் தலையை ஆட்டுகிறார். கண்ணையும் முகத்தசையையும் இயக்க வேறு ஆட்கள் துணைநிற்கிறார்கள். தோல்பாவைக்கோ இரண்டு கைகளும் ஒரு தொண்டையும்தான். இருந்தாலும், உயிரற்ற உருவத்தைப் பார்த்துப் பெரியவர்களும் நடுங்கவும் அழவும் முடியும் என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொதுவானது.

வேறுபாடு ஓரிடத்தில் இருக்கிறது. படம் அலுப்பூட்டுகிறது என்பவர்களின் பக்க நியாயமும் அங்கேதான் இருக்கிறது. கூத்தில் அச்சமும் அழுகையும் ஏறிக்கொண்டே போகும்போது உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிப் பாவைகள் திரைக்கு வந்து, நம்மூர்ப் பேச்சில் நையாண்டி செய்து, கூட்டத்தைச் சிரிக்கவைத்துவிட்டுப் போவார்கள்; அடுத்த துயரத்தைத் தாங்க அந்தச் சிரிப்புதான் தெம்பு தரும். இந்தப் படத்தில் அப்படிப்பட்ட இளைப்பாறல் மிகக் குறைவு. கண்ணைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்க்கும் ஆக்ரா என்ற கிழவியும், ஃபிஸ்கிக் என்ற பஞ்சுருண்டை நாயும் வரும்போது மட்டும் எங்கள் கூடத்தில் சிரிப்பு எழுந்தது. மேலும், நாயகன் ஜென்னின் முகம் பெரும்பாலும் ஒரே பாவத்தில் இருக்கிறது. பதவிப் போட்டியில் தோற்று, ஆடை உரியப்பட்டு விரட்டப்படும் சேம்பர்லின் என்ற ஸ்கெக்சிஸின் முனகலில் இருக்கும் உயிர், நல்லவர்கள் எவரிடமும் இல்லை. தீயவர்கள் நம் கண்ணைப் பிடித்துவைக்கிறார்கள், நல்லவர்கள் நழுவிப்போகிறார்கள் என்பதை ஒரு குறையாகவே நான் கருதுகிறேன்.

ஆனால் ‘பொம்மைக்கு எதற்கு இவ்வளவு இருட்டு’ என்ற குற்றச்சாட்டை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. மதுரையில் ஒரு விழாவில் தோல்பாவைக் கலைஞர்களை அழைத்திருந்தார்கள். இராட்டினத்தின் அருகே ஒரு மூலையையும் அரைமணி நேரத்தையும் ஒதுக்கி, “அழுகைக் கதையெல்லாம் வேண்டாம், சிரிப்பு மட்டும் போடுங்கள்” என்றார்கள். ஒலிபெருக்கிகளின் இரைச்சலில், பாவையாட்டிய பெரியவரின் பாட்டு யார் காதிலும் விழவில்லை. பரம்பரையாகக் கற்ற இராமாயணத்தை அவர் அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவன் என்பதால், இந்தக் குற்றச்சாட்டைக் கேட்டால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

எங்கள் திரையிடலில், அந்த மூதாட்டியின் பேத்திதான் நல்ல கேள்வி கேட்டாள். ஸ்கெக்சிஸ் விஞ்ஞானி நெருப்புக் குழியில் விழுகிறான். அதே நொடியில் எங்கோ நடந்துகொண்டிருந்த ஒரு மிஸ்டிக்கும் தீப்பற்றி மறைகிறார். “கெட்டவன் செத்தா நல்லவரும் சாவாருன்னா, அப்புறம் எப்படித் தாத்தா சண்டை போடுறது?” என்றாள். அந்தக் கேள்வியின் மேல்தான் படமே நிற்கிறது; ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதைத் தானாகவே பிடித்துவிட்டாள்.

ஆகவே, ஏழெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம் என்பேன். அதற்கு மேற்பட்டவர்கள் என்றால், ஒன்றரை மணி நேரப் படத்தை நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு, பிறகு பகல் வேளையில் அருகில் அமர்ந்து காட்டுங்கள். பாட்லிங் காட்சிக்கு முன்னால் நிறுத்தி, என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிவிடுங்கள். 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த பத்துப் பகுதித் தொடர் இதற்கு முந்தைய கதையைச் சொல்கிறது. அது இன்னும் கடுமையானது, எனவே படத்தைப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்த பிறகு அதைப் பற்றி முடிவு செய்யலாம்.