வானம் தெரிந்தால்தான் லைன் கிடைக்கும்: சாட்டிலைட் போன் கேள்வி-பதில்

மொபைலும் சாட்டிலைட் மூலம்தானே பேசுகிறது? அப்புறம் எதற்குத் தனி போன்?

இல்லை. மொபைல் பேசுவது பக்கத்து டவரோடு. மேப்பில் நீலப்புள்ளி காட்ட ஜிபிஎஸ் சிக்னலைக் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். பதிலுக்கு எதையும் அனுப்பாது. டவர் சில கிலோமீட்டருக்குள் இருக்கும். சாட்டிலைட் போன் சேவைகளில் ஒன்றான இரிடியத்தின் செயற்கைக்கோள்களோ சுமார் 780 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அத்தனை தூரம் எட்டத்தான் அந்தத் தடித்த ஆன்டெனா.

புதிதாக வாங்கிய சாட்டிலைட் போன் வீட்டுக்குள் சிக்னலே காட்டவில்லை. பழுதா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பழுது இல்லை. கருவிக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவே கான்கிரீட் கூரையோ அடர்ந்த மரமோ இருந்தால் லைன் கிடைக்காது. வெளியே வாருங்கள், ஆன்டெனாவை முழுக்க இழுத்து நிமிர்த்துங்கள், மொபைல்போல் சாய்த்துப் பிடிக்காதீர்கள்.

இன்மார்சாட், துரையா என்ற வேறு இரு சேவைகளின் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பவை. திசை பிடிபட்டுவிட்டால் கவலையில்லை. அந்தத் திசையை மலை மறைத்தால் ஒன்றும் செய்ய முடியாது. இரிடியத்தில் செயற்கைக்கோள்கள் நகர்ந்துகொண்டே இருக்கும், ஏறக்குறைய 100 நிமிடத்துக்கு ஒரு சுற்று. குறுகலான பள்ளத்தாக்கில் பேச்சு பாதியில் அறுந்தால், சற்றுப் பொறுத்து மறுபடி அழையுங்கள். அடுத்த கோள் மேலே வந்திருக்கும்.

இன்னொன்று: பைக்குள் மடக்கி வைத்த போனுக்கு அழைப்பு வரும் என்று நம்பாதீர்கள். பேசும் நேரத்தை வீட்டாரோடு முன்கூட்டியே முடிவுசெய்துகொள்வதே நடைமுறை.

நான் பேசி முடிப்பதற்குள் எதிர்முனையில் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஏன்?

உங்களுடையது இன்மார்சாட், துரையாபோல் ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோளைப் பயன்படுத்தும் கருவியாக இருக்கும். உயரம் 35,786 கி.மீ. உங்கள் குரல் ஏறி இறங்கவே கால் விநாடி, பதில் வர இன்னொரு கால் விநாடி. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இரிடியத்தில் இந்தத் தாமதம் குறைவு.

வாட்ஸ்அப், வீடியோ?

மறந்துவிடுங்கள். இரிடியம் கைக்கருவியின் அடிப்படை டேட்டா வேகம் விநாடிக்கு 2.4 கிலோபிட். குறுஞ்செய்தி போகும்.

இப்போது மொபைலிலேயே சாட்டிலைட் வசதி வருகிறதே, அது போதாதா?

மலையேற்றம் போகிறவர் பலருக்குப் போதும். 2022-இல் வந்த ஐபோன் 14, டவர் இல்லாத இடத்திலிருந்து குளோபல்ஸ்டார் நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் வழியே அவசர உதவிக்குச் செய்தி அனுப்பும். ஆனால் அது எழுத்துதான், குரல் அல்ல. எல்லா நாட்டிலும் கிடைப்பதும் இல்லை. ஆழ்கடலுக்குப் போகிறவர், மீட்புக் குழுவை நடத்துகிறவர் தனிக் கருவியே வைத்துக்கொள்ளட்டும்.

புயலில் டவர்கள் சாய்ந்தாலும் சாட்டிலைட் போன் கைவிடாது, சரிதானே?

உள்ளூர் டவரை அது நம்பியில்லை என்பது சரி. கைவிடவே விடாது என்பது சரியல்ல. 2024 ஏப்ரலில் துரையா-3 செயற்கைக்கோள் பழுதாகி, ஆசிய-பசிபிக் பகுதியில் அந்தச் சேவையே நின்றுபோனது. 66 செயற்கைக்கோள்களோடு, மேலே உதிரிக் கோள்களும் வைத்திருக்கும் இரிடியம் போன்ற அமைப்பில் ஒன்று போனால் இந்த அளவுக்கு முடங்காது.

வெளிநாட்டுப் பயணத்தில் எடுத்துப் போகலாமா?

அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்க்காமல் கூடாது. இந்தியாவில் முன் அனுமதியின்றி வைத்திருந்தாலே வழக்கு வரும். விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். பெட்டி கட்டுவதற்கு முன்பே தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.