பார்முலா ஒன்னில் புதுத் தொழில்நுட்பம் வர வர டிவியில் சுவை குறைகிறதா?

சேலத்தில் வீட்டிலிருந்தே பந்தயம் பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி சரி. சத்தம் போனது உண்மைதான். 2013 வரை ஓடிய 2.4 லிட்டர் வி8 இன்ஜின் நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை சுழலும். டிவியிலேயே காது கிழியும். 2014-ல் பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் 1.6 லிட்டர் வி6 ஹைபிரிட் வந்தது. சுழற்சி வரம்பு 15,000 ஆனது, வெளியேறும் புகையின் ஆற்றலை, அதில் சுழலும் விசிறியான டர்போவும் எடுத்துக்கொண்டது, அலறல் அடங்கிவிட்டது. ஆனால் டயர் கிறீச்சிடுவது இப்போது நன்றாகக் கேட்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஹைபிரிட் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாது, சிக்கல் அங்கேதான். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கினால் பிரேக் சூடாகி ஆற்றல் வீணாகிறது இல்லையா? இந்தக் கார் அதை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்த்து, நேர்ப்பாதையில் செலவழிக்கிறது. பேட்டரி தீர்ந்தால் நன்றாக ஓடிய கார் திடீரென்று தளரும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது.

2011-ல் வந்த டிஆர்எஸ் (காற்றுத் தடையைக் குறைத்து வேகம் கூட்டும் வசதி) அப்படியில்லை. முன்காருக்கு ஒரு நொடிக்குள் நெருங்கினால் பின் இறக்கையின் மடல் திறப்பதைப் பார்க்கலாம். முந்துவது கூடியது, சில தடங்களில் ரொம்பச் சுலபமாகி சப்பென்று ஆனது. 2026 விதிகளில் அது போய்விட்டது. இப்போது எல்லாக் கார்களின் முன், பின் இறக்கைகளும் அசைகின்றன. நெருங்கி வருபவருக்குக் கூடுதல் மின்சாரம்.

வர்ணனை புரியாவிட்டால் திரையோரம் வரும் இடைவெளி எண்ணைக் கவனியுங்கள். ஒரு நொடிக்குக் கீழே இறங்கினால் டீ எடுக்கப் போகாதீர்கள்.